சென்னைத் துறைமுகம்: அழிவும் மீள்கட்டும்

பண்டைத் தமிழகத்தின் பெருந்துறைகள் பெரும்பாலும் ஆற்றுமுகங்களை அடுத்து எழுந்தவை. காவிரி கடலொடு கலக்குமிடத்துப் புகாரும், பொருநையாற்றின் முகத்துக் கொற்கையும், பேரியாற்றின் முகத்து முசிறியும் விளங்கின. ஆறு துறையை ஆக்கிற்று; சிலவிடத்து அதுவே துறையைத் தூர்த்தும் விட்டது. கொற்கை இன்று கடலினின்றும் சில மைல் உள்ளே ஒரு சிற்றூராய்க் கிடக்கின்றது. ஆயினும் தோன்றுங் காலத்தில் அத்துறைகளுக்கு இயற்கையின் துணை இருந்தது. சென்னைக்கு அத்தகைய துணை யாதும் வாய்க்கவில்லை. 1639 ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கம்பனியார் பெற்றுக் கோட்டை கட்டிய இடம் வடக்குத் தெற்காக நீண்டு கிடந்த வெறும் மணற்கரை. குடாவும் இல்லை, முனையும் இல்லை, காற்றை மறைக்கும் தீவும் இல்லை. அயலில் ஓடிய கூவம் ஆற்றின் வாயோ ஆண்டிற் பல மாதம் மணலால் அடைபட்டிருக்கும். துறைமுகத்துக்குச் சிறிதும் ஏலாத இவ்விடத்திலேதான் தென்னிந்தியாவின் பெரு வாணிகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றது என்பது வியப்புக்குரியது.

கப்பல்கள் கரையினின்றும் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே இரண்டு மூன்று வரிசையாக அலைகள் மடிந்து வீழ்ந்துகொண்டிருந்தன. ஐரோப்பியரின் படகு இவ்வலைகளுட் புகுந்தால் மணலில் மோதி உடைந்து போகும். ஆதலின் ஆட்களும் பொருள்களும் மசூலா எனப்பட்ட நாட்டுப் படகுகளிலேயே ஏற்றி இறக்கப்பட்டன. இப்படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். தரையில் மோதும்போது படகின் உடல் முறியாது, வளைந்து கொடுக்கும். சுக்கானைப் பிடித்திருக்கும் தண்டையல் அலையின் அளவை நோக்கிக் குரல் கொடுக்க, துடுப்பு வலிப்போர் அக்குரலுக்கேற்ப விரைந்தும் தணிந்தும் வலிப்பர். படகு கவிழின் வீழ்ந்தோரை எடுத்தற்குக் கட்டுமரக்காரர் அயலிலே மிதந்து வருவர். காற்று மிகுந்து படகும் போகவியலாத நாளிற் கட்டுமரம் மட்டுமே கப்பலை அடையும். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பியுள்ளே கடிதங்களை வைத்து நனையாமற் கொண்டுபோய்ச் சேர்த்த அம்மக்களைப் பற்றி அக்காலத்து ஆங்கிலப் பயணிகள் பலர் எழுதி வைத்துள்ளனர். நூல்களிற் பெயர் பெற்றவர் ஆளுநரும் தளபதியருமே எனினும், சென்னையின் வாணிகம் கரையேறியது இப்பரதவரின் தோள்வலியால் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வணிகருக்கு இம்முறையில் நிறைவு ஏற்படவில்லை. சரக்கு நனைந்தது, சில வேளை கடலுக்கே போயிற்று. வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்குங் காலத்திலோ கரைத்தொடர்பே பல நாள் அற்றுப்போகும். பிற்காலத்தில் வங்காளத்தின் ஆளுநராகப் பெயர்பெற்ற வாரன் ஹேஸ்டிங்ஸ் சென்னையிற் பணிபுரிந்தபோது, 1770 ஆம் ஆண்டளவில், கடலுட் சென்று முடியும் ஒரு பாலம் வேண்டுமெனக் கருத்துரைத்தார். அக்கருத்து உருப்பெற ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

1861 ஆம் ஆண்டில் அமைந்த அப்பாலம் ஆயிரத்து நூறு அடி நீளமுடையது. வார்ப்பிரும்புத் திருகுத் தூண்களின்மேல் நின்றது. திருகுத் தூண் என்பது அடியில் அகன்ற திருகிதழ் பொருந்திய இரும்புக்கால். தச்சன் மரத்தில் திருகாணியை முறுக்குவது போல அதனை மணலினுள்ளே முறுக்கி இறக்குவர். இவ்வுத்தியைக் கண்டவர் அலெக்சாண்டர் மிச்செல் என்னும் அயர்லாந்துப் பொறியியலாளர். கண்பார்வையை இளமையிலேயே இழந்த அவர், 1833 ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். மணற்றரைக்கு இதனினும் ஏற்ற கால் அக்காலத்தில் வேறில்லை. தூண்களுக்கிடையே அலை புகுந்து செல்லும். அலையோடு மணலும் செல்லும். பாலம் கடலின் போக்கை மறிக்கவில்லை. இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இஃதோர் அளவுகோல் ஆகும்.

பாலத்தின் குறை வேறிடத்து இருந்தது. அது கப்பல் வந்து கட்டும் துறையன்று. ஓயாது எழுந்து தாழும் கடலில் மெல்லிய இரும்புக் கால்களின் அருகே பெருங்கப்பல் நிற்றல் இயலாது. படகுகளே கப்பலுக்கும் பாலத்துக்கும் இடையே ஓடின. மடிந்துவீழும் அலைகளைக் கடக்கும் இடர் மட்டும் நீங்கிற்று. 1868 ஆம் ஆண்டுப் புயலும் 1872 ஆம் ஆண்டுப் புயலும் அப்பாலத்தை ஊறுபடுத்திப் பயனற்றதாக்கின. திருகுத் தூண்களின்மேல் நின்ற பாலத்துக்கு ஒரு நலமுண்டு. முறிந்த காலை நீக்கிப் புதுக்காலை அவ்விடத்தே முறுக்கலாம், முழுவதையும் இடிக்க வேண்டுவதில்லை. ஆயினும் உப்புநீரில் நிற்கும் இரும்பின் இயல்பு அறிந்ததே. எப்போதும் நீருள் மூழ்கியிருக்கும் பகுதியைக் காட்டிலும், அலை ஏறியிறங்கக் காற்றும் நீரும் மாறிமாறித் தீண்டும் பகுதியே விரைந்து துருவேறும். செப்பனிடுதல் ஆண்டுதோறும் தீராத கடனாயிற்று. 1872 ஆம் ஆண்டுப் புயலிற் பல கப்பல்கள் கரையில் எற்றப்பட்டு உடைந்தன. பாலம் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பதாற் பயனில்லை, கப்பல்களுக்கே காப்பிடம் வேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

கறாச்சித் துறைமுகத்தில் மனோரா முனையிலிருந்து அலைதடுப்பணை கட்டுவித்துப் புகழ்பெற்ற வில்லியம் பார்க்ஸ் என்பார் சென்னைக்கும் திட்டம் வகுத்தார். பழைய பாலத்தை நடுவே விட்டு, வடக்கிலும் தெற்கிலுமாக ஏறத்தாழ ஆயிரம் யார் இடைவெளியில் இரு கைகள் கரையினின்றும் புறப்பட்டுக் கடலுட் செல்லும். ஆழ்நீரை அடைந்ததும் அவை ஒன்றையொன்று நோக்கி மடங்கும். இரண்டிற்கும் இடையே கிழக்குமுகமாக ஒரு வாயில். கடலில் ஒரு பெட்டியை அடைத்து வைத்தாற் போன்ற அமைப்பு இது. மணல் வந்து சேருமே என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழாமலில்லை. எழுந்த ஐயம் திட்டத்தை மாற்றப் போதியதாயிருக்கவில்லை.

இங்கே இலங்கையோடு ஒரு தொடர்பு குறிப்பிடற்பாலது. பிற்காலத்தில் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர் 1875 ஆம் ஆண்டின் இறுதியிற் கீழைநாடுகளைக் காண வந்தார். டிசம்பர் 8 ஆம் நாள் கொழும்பிலே தென்மேற்கு அலைதடுப்பணையின் முதற்கல்லை நாட்டியவர் அவரே. அங்கிருந்து சென்று அதே மாதத்திற் சென்னைத் துறைமுகத்தின் கல்லையும் நாட்டினார். ஒரே மாதத்தில் ஒரே கையாற் கல் நாட்டப்பெற்ற இவ்விரு பணிகளின் பின்வரலாறு வெவ்வேறாயிற்று. கொழும்பில் நிலமுனை ஒன்று முன்னரே ஓரளவு மறைப்புத் தந்தது. அம்முனையிலிருந்து தொடங்கித் தென்மேற் பருவக்காற்றின் அலையை மறிக்க ஒரு கை நீட்டினாற் போதும். சேர் ஜோன் கூட் வகுத்த திட்டத்தின்படி 4,212 அடி நீளமான அவ்வணை 1885 இல் முற்றுப்பெற்றது. காலியிற் கூடிய நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. சென்னையிலோ முனையும் இல்லை. காற்று ஒரு திசையினின்றும் வருவதுமில்லை. வங்கக் கடலின் புயல் வேறு.

1876 இற் சென்னையில் வேலை தொடங்கிற்று. கடலடியிற் கருங்கல்லைக் கொட்டிக் குவையாக்கி, அதன்மேற் பெரிய கொங்கிறீற்றுக் கட்டிகளை அடுக்கிச் சுவரெழுப்பினர். கட்டிகளை அடுக்கிய முறை நுட்பமானது. வீட்டுச் சுவரின் செங்கல்லைப் போல அவை கிடையாகப் படியவில்லை. நூல்நிலையத்தின் தட்டில் நூல்கள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து நிற்பது போல வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. காரணம் யாதெனின், புதிதாகக் கொட்டிய கற்குவை எங்கும் ஒரே அளவாய் அமிழ்வதில்லை. கிடையாகப் பிணைத்த சுவர் அமிழ்ச்சியிற் பிளந்து போகும். சாய்வரிசையோ ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே வழுக்கி இறங்கித் தன் இடத்திற் படியும். ‘டைட்டன்’ எனப்பட்ட பெரும் பாரந்தூக்கி கட்டிய சுவரின்மேலேயே நின்று அடுத்த கட்டியை முன்னே இறக்கும். சுவர் வளர வளரத் தானும் முன்னேறும். ஐந்தாண்டிற் பணி முடிவை நெருங்கிற்று.

1881 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் புயல் வந்தது.

புயல் தணிந்தபோது அலைதடுப்பணையில் அரை மைலுக்கு மேற்பட்ட பகுதி அழிந்திருந்தது. மேல்வரிசைக் கட்டிகள் துறைமுகத்தின் உள்ளே தூக்கி வீசப்பட்டிருந்தன. பாரந்தூக்கிகள் இரண்டு கடலில் வீழ்ந்தன. வேலைக்கென இட்ட தண்டவாளம் பெரிதும் அடித்துச் செல்லப்பட்டது. இவற்றிலும் பெரிய கேடு கண்ணுக்குத் தோன்றாதது: அடியிற் கிடந்த கற்குவை சரிந்து பரந்து தாழ்ந்துபோயிற்று. நாட்பட்ட கடலில் அலையின் வலி மேற்பரப்பிலேயே மிகுதி; ஆழத்தில் அது தணிந்து போகும் என நம்பியே குவையின் உயரம் கணிக்கப்படும். பேரலை எழும் புயலில் அவ்வெல்லை கீழிறங்குகின்றது. எக்கல்லை அலை தீண்டாதென நினைத்தார்களோ அக்கல் பெயர்ந்தது. அடி பெயர மேலுள்ள சுவர் தன் கட்டைத் தானே இழந்தது. அமிழ்ச்சியைத் தாங்குதற்கென வரிசைகளைப் பிணைக்காது விட்ட அதே சிறப்பு, பக்கவாட்டிற் பேரலை மோதியபோது குறையாக முடிந்தது. ஒவ்வொரு கட்டியும் தன்னந்தனியே கடலை எதிர்த்து நின்றது.

பின்னர் நிகழ்ந்த வாதமே இவ்வரலாற்றில் மிகவும் சிந்தித்தற்குரிய பகுதி. இடிந்ததை எவ்வாறு கட்டுவது என்பது ஒரு வினா; எங்கே கட்டுவது என்பது வேறொரு வினா. முதல் வினாவில் அறிஞரிடைப் பெரு வேற்றுமை இல்லை. சுவரை இன்னும் வலிதாக்க வேண்டுமென்பதை யாவரும் ஒப்பினர். இரண்டாவது வினா வாயிலைப் பற்றியது. கிழக்கு நோக்கிய வாயில் திறந்த கடலை நேரே பார்க்கின்றது. அலை அவ்வழியே உட்புகும். உள்ளே நிற்கும் கப்பல் அசைந்துகொண்டேயிருக்கும். புயற்குறி கண்டாற் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நடுக்கடலுக்கு ஓட வேண்டும். புயலுக்கு அஞ்சிக் கப்பல் வெளியே ஓடுமாயின் அதனைத் துறைமுகம் என்பதெங்ஙனம்? ஆதலின் வாயிலை வடக்கே மாற்றுக என ஒரு சாரார் வற்புறுத்தினர். நெடுநாள் ஆராய்ந்தபின் அரசு பழைய அமைப்பையே சிற்சில திருத்தங்களோடு மீளக் கட்டுவதெனத் துணிந்தது.

இத்துணிபைக் குறை கூறல் எளிது. கண்முன்னே இடிந்து கிடந்தது சுவர், வாயில் இடியவில்லை. அழிந்ததைச் செப்பனிடுவதற்குப் பணம் ஒதுக்குவது எந்த அரசுக்கும் இயலும். அழியாத ஒன்றைப் பிழையெனக் கொண்டு மூடுவதற்கோ முன்னர்ச் செலவிட்டதும் பிழையென ஒப்புதல் வேண்டும். நிற்கும் பகுதியையெல்லாம் பயன்படுத்திக் கொள்ளலாம் என்ற சிக்கன எண்ணமும் இதிற் கலந்திருந்தது எனக் கருத இடமுண்டு. எவ்வாறாயினும் 1880களிற் செய்த துணிபின் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது.

சுவரைப் பொறுத்தமட்டில் மீள்கட்டு நன்றாகவே நடைபெற்றது. மேலே கட்டிகளைப் பிணைத்து ஒரே உடலாக்கும் வண்ணம் கொங்கிறீற்று மூடி வார்க்கப்பட்டது. சுவரின் கடற்புறத்தே கொங்கிறீற்றுக் கட்டிகளை ஒழுங்கின்றி வீழ்த்தி ஒரு கரடுமுரடான குவையை உண்டாக்கினர். பார்வைக்கு அது முறையற்ற குப்பை போலத் தோன்றும். பயனோ பெரிது. செங்குத்தான சுவரை மோதும் அலை தன் வலி முழுவதையும் ஒரே கணத்திற் கொட்டுகின்றது. திரும்பி வீழ்கையில் அடியையும் அகழ்கின்றது. குவையை மோதும் அலையோ ஆயிரம் இடுக்குகளிற் புகுந்து சிதறி, கட்டிக்குக் கட்டி உராய்ந்து ஓய்ந்து, சுவரை அடையுமுன் நுரையாகிவிடும். அலையின் வலியை எதிர்த்து நிற்பதினும் அதனைச் செலவிடச் செய்வது நன்று என்னும் இவ்வுண்மை இன்று உலகெங்கும் அலைதடுப்பணை கட்டுவோர்க்குப் பாலபாடமாகும். 1890களின் நடுப்பகுதியில் இவ்வேலை முடிந்தது. அதன்பின் சுவர் நின்றது.

நில்லாதது மணல்.

கரையை அலை நேரே மோதுவதில்லை. சற்றுச் சரிந்தே மோதும். ஏறும் நீர் மணலைச் சரிவாக மேலே கொண்டுசெல்லும்; இறங்கும் நீர் அதனை நேராகக் கீழே இழுத்துவரும். இவ்வாறு ஏறியும் இறங்கியும் ஒரு மணற்றுகள் கரையோரமாக நடந்துகொண்டேயிருக்கும். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இந்நடை தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் எதிர்த்திசையிற் சிறிது மீளும். திருகுத் தூண் பாலம் நின்றபோது மணல் அதன் கால்களுக்கிடையே நடந்து போயிற்று. கல்லணைகள் கடலுள் நீண்டதும் அந்நடை மறிபட்டது. தெற்குக் கையின் அணைப்பிற் கரை ஆண்டுதோறும் கிழக்கே வளர்ந்தது. ஒரு காலத்திற் கோட்டையின் கடல்வாயிலருகே அலை மோதியது. இன்று அங்கே நின்று கடலைத் தேடிப் போக வேண்டும். 1884 ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டப் கடற்கரையில் உலாச்சாலை அமைத்து, தாம் முன்னர்க் கண்ட சிசிலித் தீவின் நினைவாக ‘மெரினா’ எனப் பெயரிட்டார். அச்சாலைக்கும் கடலுக்கும் இடையே பின்னர் விரிந்த பெருமணற்பரப்புத் துறைமுகம் கட்டியவர் அறியாமலே படைத்த பரப்பு ஆகும். நகரமாந்தர் மாலைதோறும் காற்று வாங்கும் இடமாக விளங்குவது ஒரு பொறியியற் பிழையின் நற்பயன் எனலாம்.

ஆயினும் மணல் அங்கேயே நின்றுவிடவில்லை. தெற்குக் கையின் கோணம் நிரம்ப நிரம்ப, மிகுந்த மணல் அணையைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாயிலை நோக்கி வரலாயிற்று. அலை புகும் வாயில் என முன்னர்க் குறை கூறப்பட்டது, மணல் புகும் வாயிலாகவும் ஆகிவிடும் என்னும் அச்சம் உண்டாயிற்று. உள்ளே ஆழம் குறையுமாயின் வலிதாக்கிய சுவர் வெறுங் குளத்தைக் காக்கும் சுவராகவே முடியும்.

1904 ஆம் ஆண்டிற் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டுச் சட்டத்தாற் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் புத்துருப் பெற்றது. ஸ்பிரிங் கடற்பொறியியலாளராக வளர்ந்தவர் அல்லர். வட இந்தியாவின் பேராறுகளைப் பாலத்தின் கீழ் நெறிப்படுத்தி ஓடச்செய்யும் கலையை ஆராய்ந்து நூலெழுதியவர். மணலை அறிந்தவர் அவர். சென்னைக் கரையில் வடக்கு நோக்கி நகரும் மணல் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் என அவர் மதிப்பிட்டார். ஆற்றை எதிர்த்து வெல்லவியலாது, அதன் போக்கை ஓரளவு திருப்பலாம் என்பது ஆற்றிடைக் கற்ற பாடம். அதனையே கடலிலும் கையாண்டார். கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு, வடகீழ் மூலையிற் புதுவாயில் திறந்து, அதனை மறைத்து வடக்கே நீளும் ஒரு புறக்கையையும் கட்டுவித்தார். 1911 ஆம் ஆண்டளவில் இம்மாற்றம் முற்றுப்பெற்றது. இடிந்தபோது செய்யத்தக்கதாயிருந்ததை, இடியாத அணையை உடைத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

இதன் பயனைத் துறைமேடைகளிற் காணலாம். அதுவரை துறைமுகத்தின் உள்ளேயும் பெரும்பாலும் படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. நீர் அமைதியுறாத இடத்திற் கப்பலைக் கற்சுவரோடு கட்டுவது அறிவுடைமையன்று. கயிறும் அறும், சுவரும் சிதையும், கப்பலின் விலாவும் நசுங்கும். புதுவாயிலால் உள்நீர் அடங்கவே கப்பல் நேரே வந்து அணையும் துறைமேடைகள் எழுந்தன. 1913 அளவில் மேற்கு மேடையில் நான்கும் கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்றுமாகக் கப்பல் அணையும் இடங்கள் அமைந்தன. அவற்றை அடுத்துப் பண்டசாலைகளும் றெயிற் பாதைகளும் வந்தன. கப்பலினின்று நேரே நிலத்துக்கு என்னும் வழி திறந்ததும் மசூலாவின் காலம் முடிவுற்றது. பல தலைமுறை அவ்வலைகளைப் படித்தவர்களின் மக்கள் துறைமேடையில் மூட்டை தூக்கவும் மீன் பிடிக்கவும் போயினர். துறைமுகக் கணக்கேட்டில் இந்நட்டத்துக்கு ஒரு வரி இல்லை.

கணக்கேடு என்றதும் அவ்வலுவலகத்தில் இருந்த ஓர் எழுதுவினைஞரை மறத்தல் கூடாது. 1912 மார்ச்சு 1 ஆம் நாள் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்திற் கணக்குப் பகுதியிற் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். அலுவலக மேலாளராயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். அவர் இராமானுசனின் திறத்தை உணர்ந்து ஸ்பிரிங்குக்கு எடுத்துரைத்தார். கல்வி உதவி கிட்டும்பொருட்டு ஸ்பிரிங் அரசினரிடத்தும் பல்கலைக்கழகத்தாரிடத்தும் பரிந்து பேசினார். 1914 மார்ச்சு 17 ஆம் நாள் இராமானுசன் இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறியதும் அத்துறைமுகத்திலேயே. மணல் எத்தனை தொன் என எண்ணிய தலைவரும் எண்களின் இயல்பை எண்ணிய வினைஞரும் ஒரே கூரையின்கீழ் இருந்த அக்காலம் அவ்வலுவலகத்தின் பெருமைக்கு உரியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு ‘எம்டன்’ என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையின்மேற் குண்டு வீசி எண்ணெய்த் தாங்கிகளை எரித்தது. அலைக்கென எழுப்பிய அணை குண்டுக்கு என் செய்யும்?

ஸ்பிரிங் 1919 இல் ஓய்வுபெற்றார். அவர் வகுத்த அடிப்படையின்மேலேயே பிற்கால விரிவுகள் எழுந்தன. 1964 இல் ஜவகர் கப்பற்றுறை திறக்கப்பெற்றது. 1970களிற் பழைய அணைக்கு வெளியே எண்ணெய்க்கும் இரும்புத் தாதுக்குமாகப் பாரதி கப்பற்றுறை வந்தது. 1983 இற் கொள்கலன் முனையம் அமைந்தது. பார்க்சின் பெட்டி இப்போது ஒரு பெரிய துறைமுகத்தின் உள்ளறையாகிவிட்டது.

இனி அணைக்கு வடக்கே நோக்கல் வேண்டும். தெற்கே தேங்கிய மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணலே. வரவேண்டியது வாராமற்போக, போகின்றது மட்டும் போய்க்கொண்டிருந்தது. ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளிற் கரை மேற்கே பின்வாங்கிற்று. நூறாண்டுக்குள் சில நூறு மீற்றர் நிலத்தைக் கடல் கொண்டது. மீனவர் குப்பங்கள் உள்ளே தள்ளின. மீண்டும் உள்ளே தள்ளின. மெரினாவில் உலவியவர்க்கு வந்த பேறும் ராயபுரத்துப் பரதவர்க்கு வந்த இழப்பும் ஒரே மணலின் இரு பக்கங்கள். துறைமுகத்தைச் செப்பனிட்ட ஒவ்வொரு முறையும் அதன் வலிவு கூடியது. வலிவு கூடக் கூட மணல் கடக்கும் வழி அருகிற்று. 1881 இன் வாதத்திற் கப்பற்றலைவரும் வணிகரும் பொறியியலாளரும் பேசினர். வடகரையிற் குடியிருந்தவரைப் பற்றிய பேச்சு அதில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

வடகரையைக் காக்கக் கருங்கற் சுவர் நெடுகக் கொட்டப்பட்டது. சுவர் நிலத்தைக் காத்தது, கடற்கரையைக் காக்கவில்லை. கற்களின் அடியில் மணல் அற்றுப்போகப் படகை இழுத்தேற்ற இடமின்றி மீனவர் இடருற்றனர். சுவரின் கற்களும் பருவந்தோறும் சரிந்தன, மீளக் கொட்டப்பட்டன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையோரமாகக் கடலுள் நீளும் குறுக்கணைகள் சில கட்டப்பட்டன. அவற்றுக்கிடையே சிறிது சிறிதாக மணல் தங்கிச் சிறு கடற்கரைகள் மீண்டும் தோன்றின. படகுகள் அங்கே ஏற்றப்பட்டன. அக்குறுக்கணைகளின் வரிசை முடியுமிடத்துக்கு வடக்கே, எண்ணூரை அடுத்த குப்பங்களில், கரையரிப்புத் தொடர்ந்தது.